இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை

"நான் எடுத்தா மட்டும் பிள்ளைக ஏம்மா கைதி மாதிரி முழிக்கு?"

ஏட்டையா தளவாய் படங்களை மேசைமேல் பரப்பிவிட்டுக் கேட்டார்.

வடிவு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். பால்பல்கூட விழாத வயசு. ஒவ்வொன்றும் நெஞ்சுக்கு நேராக சிலேட்டைப் பிடித்துக்கொண்டு, சந்தையில் சங்கிலி அறுத்து மாட்டிக்கொண்டதுபோல நின்றது.

"நல்லா ஷார்ப்பா வந்துருக்கே ஏட்டையா" என்றாள்.

"ஷார்ப்பைக் கேக்கலம்மா. முகத்தைக் கேக்கேன்."

"நாளைக்குக் காலையில எட்டரை மணிக்குக் கீழப்பாறை. ஸ்டூலை மறந்துராதீங்க."

அவ்வளவுதான் பதில்.

*

ஏட்டையாவைப் பற்றி இந்த இடத்தில் நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் அவர் பண்ணுகிற கூத்து புரியாது.

முப்பத்தொரு வருஷம் போலீசில் இருந்தவர். ஸ்டேஷனில் பிடித்துவருகிற ஆட்களை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுப்பது அவர் வேலை. சந்தேகம் என்பது அவருக்குத் தொழில் இல்லை, மூச்சு. பால்காரி சிரித்தால் ஏன் சிரித்தாள் என்று யோசிப்பார். சிரிக்காவிட்டால் அதையும் யோசிப்பார். மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், "போன மாசம் பதினாலாம் தேதி சாயங்காலம் எங்க இருந்தீங்க?" என்று கேட்ட மனுஷன். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அப்போதும் ஏட்டையா, "பாத்தீங்களா, நான் நினைச்சது சரியாப்போச்சு" என்றாரே தவிர வருத்தப்படவில்லை.

ரிட்டையர் ஆனதும் ஒரு கேமரா வாங்கி ஸ்டுடியோ போட்டார். ஒரு தடவை வந்தவன் மறு தடவை வரவில்லை. கல்யாணப் பெண்ணையே களவாணி மாதிரி எடுத்துக் கொடுத்தால் எவன் வருவான்?

கடைசியில் வடிவிடம் வந்து நின்றார்.

வடிவு அவரைவிட இருபத்துமூன்று வயது இளையவள். மொபெட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் படம் எடுப்பவள். அவள் எடுத்த படத்தில் பிள்ளைகள் பிள்ளைகளாக இருந்தார்கள். வாத்தியார்கள்கூட மனுஷர்களாகத் தெரிந்தார்கள்.

"எனக்கும் இந்த வித்தையைச் சொல்லித் தா தாயி."

"ஒரு வருஷம் பெட்டி தூக்குவீங்களா?"

"தூக்குதேன்."

"படத்துக்குப் பின்னால பேரு எழுதணும். பென்சில்ல. ஒரு படமும் பேரில்லாம என் வாசல் தாண்டக் கூடாது."

"எழுதுதேன்."

எட்டு மாசம் ஆகிவிட்டது. பெட்டி தூக்கினார். பேர் எழுதினார். வித்தை மட்டும் வந்தபாடில்லை.

இவள் எதையோ ஒளிக்கிறாள் என்று ஏட்டையாவுக்குச் சந்தேகம். கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். வடிவு கேமராவுக்குப் பின்னால் குனிவதற்கு முன் பிள்ளைகளிடம், "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்கிறாள். ஆகா, இதுதான் சூட்சுமம் என்று பிடித்துக்கொண்டார்.

அடுத்த பள்ளிக்கூடத்தில் அவரும் கேட்டுப் பார்த்தார்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

பிள்ளை ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டது.

*

கீழப்பாறைப் பள்ளிக்கூடம் ரொம்பச் சின்னது. இரண்டு டீச்சர், ஒரு வேப்பமரம், ஒரு கொடிக்கம்பம்.

அந்த வருஷம் மேலே இருந்து புதிதாக ஓர் உத்தரவு வந்திருந்தது. பதிவேட்டில் பேர் இருந்தால் மட்டும் போதாது, பேருக்குப் பக்கத்தில் முகமும் ஒட்டியிருக்க வேண்டும். அதனால்தான் எல்லாப் பள்ளிக்கூடமும் வடிவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை டெய்சி பிள்ளைகளை வேப்பமர நிழலில் வரிசையாக நிறுத்தியிருந்தாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பேரைத் தானே சிலேட்டில் எழுதிப் பிடித்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார வேண்டும்.

"ஆய்வாளர் வந்தா பேரைத்தான் முதல்ல எழுதச் சொல்லுவாரு. அதான் பேரு மட்டும் நல்லா பழக்கி வச்சிருக்கேன்" என்றாள் டெய்சி.

கடைசியாக ஒரு சிறுமி வந்தாள். ஒன்பது வயது இருக்கும். சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து போகும். சிலேட்டில் முத்துமுத்தாக எழுதியிருந்தாள்: முத்துச்செல்வி, மூன்றாம் வகுப்பு.

ஏட்டையாவின் கண் தன் பாட்டுக்கு அங்க அடையாளத்தைக் குறித்துக்கொண்டது. இடது மணிக்கட்டில் தீத்தழும்பு. முன்பல் பாதி உடைந்திருக்கிறது. வலது காது கிழிந்து ஒட்டியிருக்கிறது.

வடிவு படம் எடுத்து முடித்தாள். பிள்ளை எழுந்து போகவில்லை. வகுப்பு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, உள்ளே கரும்பலகையில் இருந்ததைப் பார்த்துச் சிலேட்டில் அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"போதும், எந்திரி. வேன் நிக்கி" என்றாள் டெய்சி.

"இன்னும் ஒரே ஒரு வரி டீச்சர்."

"எந்திரின்னா எந்திரி."

ஏட்டையாவுக்கு மூக்கில் வேர்த்தது. இவள் எதை இத்தனை அவசரமாக எழுதுகிறாள்? யாருக்காக?

"என்ன வேன் டீச்சர்?"

"தூரத்துப் பிள்ளைக. வேன்லதான் வரும்."

"ஊரே ரெண்டு தெருதான். இதுல தூரம் எங்க இருந்து வந்துச்சு?"

டெய்சி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீங்க படம் எடுக்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?"

வடிவு பெட்டியைப் பூட்டினாள்.

"ஏட்டையா, ஸ்டூலை எடுங்க."

*

இரண்டு நாள் கழித்துத் தாதன்குளம் பள்ளிக்கூடம். கீழப்பாறையில் இருந்து பதினோரு கிலோமீட்டர்.

அங்கே சீருடை வேறு நிறம். ரிப்பன் வேறு நிறம். ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவர்களில் ஏழெட்டு முகம் எங்கேயோ பார்த்தமாதிரி இருந்தது. ஒரு பிள்ளை மட்டும் சந்தேகமே இல்லாமல் அதே பிள்ளை.

இடது மணிக்கட்டில் தீத்தழும்பு. பாதிப் பல். கிழிந்து ஒட்டிய காது.

சிலேட்டில்: இசக்கியம்மாள், நான்காம் வகுப்பு.

எழுத்துகூட அதே எழுத்து.

ஏட்டையா அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. இந்த ஆள் காட்டிக்கொடுப்பானா, மாட்டானா என்று கணிக்கிற பார்வை. ஒன்பது வயசுப் பிள்ளையிடம் அந்தப் பார்வையை ஏட்டையா இதுவரை கண்டதில்லை.

போகும்போது அவள் கரும்பலகைக்குக் கீழே குனிந்து ஒரு துண்டு சாக்பீஸை எடுத்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டதையும் கவனித்தார். திருட்டு வேறயா என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து திரும்பும்போது அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பாத்தியாம்மா?"

"எதை?"

"அந்தப் பிள்ளையை. அங்க முத்துச்செல்வி. இங்க இசக்கியம்மா. ஒரே பிள்ளை!"

"ம்."

"ம்முன்னா? உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருக்கியே. நீயும் உடந்தையா?"

வடிவு வண்டியை ஓரமாக நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு எடத்துலயும் படம் எடுத்தது யாரு ஏட்டையா?"

"நாமதான்."

"பின்ன?"

மறுபடி வண்டியைக் கிளப்பினாள். வீடு போய்ச் சேரும்வரை அவள் பேசவில்லை. ஏட்டையாவுக்குக் குரு மேலேயே சந்தேகம் விழுந்துவிட்டது. மூடி மறைக்கிறவள் இல்லையென்றால் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்?

*

அந்த வாரம் ஏட்டையா பெட்டி தூக்க வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். காய்ச்சலாவது மண்ணாவது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பத்து வயது குறைந்தமாதிரி இருந்தது அவருக்கு.

கீழப்பாறையில் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளைச் சுவருக்கு வெளியே நின்று எண்ணினார். பதினாலு. பதிவேட்டுக்கு எடுத்த படமோ இருபத்துமூன்று.

தாதன்குளத்திலும் எண்ணினார். அங்கேயும் ஒன்பது தலை குறைந்தது.

வேன் ஓட்டுகிறவனை டீக்கடையில் பிடித்தார். தோளில் கைபோட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். கேள்வி கேட்கிற தொனியை மட்டும் மாற்றத் தெரியவில்லை. இருந்தாலும் அவன் பயத்தில் எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

"சூளைப் பிள்ளைகய்யா. விழுப்புரம் பக்கத்துல இருந்து செங்கல் அறுக்க வந்த ஜனம். ஆய்வு, போட்டோன்னு சொன்னா ஒன்பது பிள்ளையை ஏத்திட்டுப் போவேன். அங்க ஒரு உடுப்பு, இங்க ஒரு உடுப்பு. தலை குறைஞ்சா டீச்சர் போஸ்ட்டு போயிருமாமே. முடிஞ்சதும் உடுப்பை வாங்கிட்டுத் திரும்பச் சூளையில கொண்டுபோய் விட்டுருவேன்."

"வருஷத்துல எத்தனை நாளு?"

"மூணு நாலு நாளுதான். அதுல ஒரு பிள்ளைதான் ரோதனை."

"எது?"

"காது கிழிஞ்சது. திரும்பப் போகணும்னா வேன்ல ஏறவே மாட்டா. பள்ளிக்கூடத்துத் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிடுவா. பிச்சு எடுத்துத்தான் தூக்கிப் போட்டுட்டு வரணும்."

ஏட்டையா நோட்டில் எழுதிக்கொண்டார். சாட்சி எண் மூன்று, வேன் ஓட்டுநர்.

தூணைக் கட்டிப் பிடித்த சங்கதியையும் எழுதினார். பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி ஏற்றி இறக்குகிறார்கள் என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

*

சனிக்கிழமை வடிவின் ஸ்டுடியோவுக்கு வந்தார். கையில் நாலு பக்க மனு. ஓரம் விட்டு, பத்தி பிரித்து, எண் போட்டு எழுதியிருந்தார். நாலாம் பக்கத்தில் பிள்ளையின் இரண்டு படங்களும், பேர் எழுதும்போது தனியாக எடுத்து வைத்தவை, பக்கம் பக்கமாகக் குண்டூசியால் கோத்து வைக்கப்பட்டிருந்தன.

"திங்கட்கிழமை கல்வி ஆபீஸ்ல நேர்ல குடுக்கப்போறேன். உன்கிட்ட சொல்லாமச் செஞ்சேன்னு இருக்கக் கூடாதுல்ல, அதான் வந்தேன்."

வடிவு மனுவை வாங்கினாள். முதல் வரியில் இருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தாள். ஏட்டையா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயப்படுகிறாளா? கோபப்படுகிறாளா? ஒன்றும் பிடிபடவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள்.

"அது எனக்குத் தெரியும்."

"இது போனா என்ன நடக்கும்?"

"ரெண்டு ஹெட்மாஸ்டருக்கும் மெமோ வரும். ஒரு டீச்சர் போஸ்ட்டு போகும். பதிவேட்டுல பொய்ப் பேரு எல்லாத்தையும் அடிச்சிருவாங்க. முத்துச்செல்வியும் காலி, இசக்கியம்மாளும் காலி."

"அப்புறம் பிள்ளை?"

"எந்தப் பிள்ளை?"

வடிவு அவரை ஏறிட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஏட்டையாவுக்கு என்னமோபோல இருந்தது. இத்தனை வருஷமாக அவர்தான் மற்றவர்களை அப்படிப் பார்த்திருக்கிறார்.

அவள் மனுவில் இருந்து ஒரு படத்தை உருவினாள். திருப்பினாள். பின்னால் ஏட்டையாவின் கையெழுத்தில் 'முத்துச்செல்வி' என்று இருந்தது.

"இது அந்தப் பிள்ளை பேரா?"

"இல்ல. பொய்ப் பேரு."

இன்னொன்றைத் திருப்பினாள். 'இசக்கியம்மாள்.'

"இது?"

"அதுவும் பொய்தான். அதைத்தானே நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கேன்."

வடிவு மேசை டிராயரைத் திறந்து ரப்பரை எடுத்தாள். இரண்டு பேரையும் அழித்தாள். தூளை ஊதினாள். பென்சிலையும் படங்களையும் அவர் கையில் வைத்தாள்.

"பேரில்லாத படம் என் வாசல் தாண்டாது ஏட்டையா. எழுதிட்டு வாங்க. அப்புறம் எங்க வேணும்னாலும் குடுங்க."

"என்னம்மா விளையாடுதியா? பேரா முக்கியம்? இங்க எவ்வளவு பெரிய மோசடி நடந்திருக்கு!"

"எழுதிட்டு வாங்க" என்றாள்.

எழுந்து, நெகட்டிவ் காய்கிற அறைக்குள் போய்விட்டாள்.

ஏட்டையாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. என்னைத் தாமதப்படுத்தப் பார்க்கிறாள். அதற்குள் டெய்சிக்குத் தகவல் சொல்லி அனுப்புவாள். பதிவேட்டை மாற்றி எழுதிவிடுவார்கள். எனக்கா தெரியாது இந்த வேலையெல்லாம்?

சரி, ஒரு மணி நேர வேலை. இதையும் முடித்துவிட்டே வருகிறேன் என்று சைக்கிளை மிதித்தார்.

*

சூளை, ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் இருந்தது. உச்சி வெயில். பச்சைச் செங்கல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பொம்பளை குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏட்டையா படத்தைக் காட்டினார்.

"இது உன் பிள்ளையா?"

பொம்பளை படத்தைப் பார்த்தாள். அவர் மீசையைப் பார்த்தாள். அவர் நின்ற நிலையைப் பார்த்தாள். கையில் இருந்த கல் நழுவி உடைந்தது.

"அவ ஒண்ணும் எடுக்கலீங்க சார்."

"நான் அதுக்கு வரல."

"சாக்பீசுதான் சார். ஒரே ஒரு துண்டு. அடிச்சிட்டேன் சார், நல்லா அடிச்சிட்டேன். திருப்பிக் குடுத்துடச் சொல்றேன். ஸ்டேசனுக்கெல்லாம் வேணாம் சார்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை முழுக்கக் களிமண்.

இப்படிக் கும்பிட்ட கைகளை ஏட்டையா எத்தனையோ பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம், இவ்வளவு பயப்படுகிறவள் கட்டாயம் தப்புப் பண்ணியிருப்பாள் என்றுதான் தோன்றும். இன்றைக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒரு துண்டு சாக்பீஸ் அவர் நோட்டிலும் இருந்தது, நாள், நேரத்தோடு.

"நான் போலீஸ் இல்லம்மா. போட்டோ எடுக்குற ஆளு. பேரு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

"பேரா?" அவள் முகத்தில் பயம் போகவில்லை. "பேரு எதுக்கு சார்?"

மனு கொடுக்க என்று சொல்ல ஏட்டையாவுக்கு வாய் வரவில்லை.

அதற்குள் செங்கல் அடுக்குக்குப் பின்னால் இருந்து அந்தப் பிள்ளை வந்துவிட்டாள். தலையில் நாலு கல். ஏட்டையாவைப் பார்த்ததும் நின்றாள். அதே கணிக்கிற பார்வை. பிறகு கற்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். பாவாடையால் முகத்தைத் துடைத்தாள். முடியை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். ஓடிப்போய்ச் செங்கல் அடுக்கில் முதுகைச் சாய்த்து நேராக நின்றாள். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. நாடியை நிமிர்த்திக்கொண்டாள்.

கேமராகூட இல்லை அவரிடம்.

"சார்" என்றாள்.

"என்ன?"

"இன்னிக்கி நான் யாரு சார்?"

ஏட்டையா கையில் இருந்த படங்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

முப்பத்தொரு வருஷம் ஊர் பூராவையும் நிறுத்திவைத்து, நீ யாரு, நீ யாரு என்று கேட்ட மனுஷன். அவரிடம் இந்தக் கேள்வியை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

"சீக்கிரம் சொல்லுங்க சார். எழுதிப் பாத்துக்கணும்."

ஏட்டையா கிட்டே போனார். கால் மடக்கி அவள் உயரத்துக்குக் குத்தவைத்தார். மூட்டு வலித்தது.

"இன்னைக்கு நீ வேற யாரும் ஆக வேண்டாம் தாயி. உன் பேரு என்ன?"

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பாதையில் வேன் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். வேன் இல்லை.

"எந்த ஸ்கூலுக்கு சார்?"

"எந்த ஸ்கூலுக்கும் இல்ல."

"ஸ்கூலுக்கு இல்லாட்டி பேரு எதுக்கு?"

"இந்தப் படத்துக்குப் பின்னால எழுத. இந்தா பென்சிலு. நீயே எழுது."

பென்சில் என்றதும் அவள் முகம் மாறியது. படக்கென்று வாங்கிக்கொண்டாள். சப்பணம் கூட்டி உட்கார்ந்து, படத்தை ஒரு செங்கல் மேல் கவிழ்த்து வைத்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

முத்துச்செல்வி.

நிமிர்ந்து பார்த்தாள்.

ஏட்டையா தலையை ஆட்டினார். இல்லை.

அடுத்த படத்தைத் திருப்பினாள்.

இசக்கியம்மாள்.

ஏட்டையா அதற்கும் இல்லை என்று தலையாட்டினார்.

"உங்க அம்மா உன்னைக் கூப்பிடுற பேரை எழுதும்மா."

பிள்ளை பென்சிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் குரலை இறக்கி, ஏதோ தப்பை ஒத்துக்கொள்கிறமாதிரி சொன்னாள்.

"அஞ்சலைன்னு கூப்புடும் சார். அது எழுதத் தெரியாது."

"இவ்வளவு பெரிய பேரு ரெண்டையும் எழுதிட்ட. இந்தச் சின்னப் பேரு ஏன் தெரியாது?"

அவள் அவரை, இதுகூடத் தெரியாதா உங்களுக்கு என்பதுபோலப் பார்த்தாள்.

"அந்தப் பேருக்குத்தான் இன்னும் ஸ்கூலு கெடைக்கலியே சார்."